மூவண்ணப் பூனையும் நானும்



நார்த்தங்காய் ஊறுகாயில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கப் போன இதழில் நான் எழுதிய குறிப்பைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். பதிலெல்லாம் அடுத்த இதழில். இந்தத் தடவை சமையலறைக்கு லீவு விட்டுவிட்டேன். முப்பது வருஷமாக எனக்கே புரியாமல் இருந்த ஒரு சொந்த விஷயத்தைச் சொல்லப்போகிறேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்தப் பக்கத்தில் சொல்லாமல் வேறு எங்கே போய்ச் சொல்வது?

என் தம்பி முரளி டெய்லர். அம்மா வீட்டு முன்னறையில்தான் கடை. அவனுக்குச் சின்ன வயசிலிருந்து ஹீமோஃபிலியா. ரத்தம் உறைவதற்கு 'ஃபாக்டர் 8' என்று ஒரு புரதம் வேண்டும். அது அவன் உடம்பில் கிட்டத்தட்ட இல்லை. மற்ற பிள்ளைகள் விழுந்தால் சிராய்ப்பு. அவன் விழுந்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிடும். அப்படி வீங்கி வீங்கியே ஒரு கால் மடங்காமல் நின்றுவிட்டது. அதனால்தான் மிதிக்கிற மிஷினை விட்டுவிட்டு மோட்டார் வைத்த மிஷினில் தைக்கிறான். இப்போது அரசு ஆஸ்பத்திரியில் ஃபாக்டர் ஊசி இலவசமாகவே கிடைக்கிறது. அந்தக் காலத்தில் அம்மா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

வியாதியைக் கண்டுபிடித்த அன்று டாக்டர் அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இது தாய் வழியா வர்றதும்மா. பொண்ணுங்க வெறும் கேரியர்தான். அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது." அன்றைக்கு எனக்குத் தெரிந்த கேரியர் எல்லாம் டிபன் கேரியர்தான்! வீட்டுக்கு வந்ததும் பாட்டி அந்த முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். "உன் பொறந்த வீட்டு ரத்தம்டி இது" என்று சாகும்வரை அம்மாவைக் குத்திக் காட்டினாள். நானும் அக்காவும் இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டோம். நமக்கு ஒன்றும் செய்யாது!

பிறகு அக்காவுக்குப் பையன் பிறந்தான். அவனுக்கும் அதே வியாதி. எனக்கு இரண்டும் பெண்கள். "நீ தப்பிச்சேடி" என்றார்கள் எல்லாரும்.

நான் தப்பித்த லட்சணத்தைக் கேளுங்கள். வயசுக்கு வந்த நாளிலிருந்து மாதவிலக்கு என்றால் எனக்கு எட்டு நாள், ஒன்பது நாள். முதல் மூன்று நாள் இரவில் இரண்டு தடவை எழுந்து துணி மாற்றாமல் விடிந்ததில்லை. ரத்தம் எப்போதும் 8, 8.5 என்றுதான் இருக்கும். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச் சத்து மாத்திரை எல்லாம் சாப்பிட்டேன். எத்தனை ஊற்றினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்குமா? தலைப்பிரசவம் ஆகிப் பன்னிரண்டாம் நாள், எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்திருந்தபோது மறுபடி கொட்டியது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். "சிலருக்கு உடம்பு வாகு அப்படி" என்று மாமியார் சொன்னார். நானும் நம்பினேன்.

போன வருஷம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. பிடுங்கின இடத்தில் மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை. தலையணை உறையெல்லாம் சிவப்பு. பயந்துபோய் என் வீட்டுக்காரர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு லேடி டாக்டர், "குடும்பத்துல யாருக்காவது ரத்தம் நிக்காத வியாதி உண்டாம்மா?" என்று கேட்டார். "தம்பிக்கு உண்டு டாக்டர். ஆனா நான் வெறும் கேரியர்தான்" என்றேன், ஏதோ பரீட்சையில் சரியான விடை சொன்ன மாதிரி.

அவர் சிரிக்கவில்லை. ஃபாக்டர் 8 அளவு பார்க்க எழுதிக் கொடுத்தார். சாதாரணமாக ஒருவருக்கு 50 முதல் 150 சதவீதம் வரை இருக்கவேண்டுமாம். எனக்கு 28. "இதுக்குப் பேரு வெறும் கேரியர் இல்லம்மா. உங்களுக்கும் லேசான ஹீமோஃபிலியா இருக்கு" என்றார். அளவு 40-க்குக் கீழே இருக்கிற பெண்களை இப்படியே சொல்லவேண்டும் என்று உலக அளவிலுள்ள ரத்த டாக்டர்கள் சங்கம் ஒன்று 2021-லேயே வரையறுத்துவிட்டதாம்.

அக்காவையும் வரவழைத்துப் பார்த்தோம். அவளுக்கு 74! மாதவிலக்கு நாலே நாள். பிரசவத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பழுதான ஜீனும் ஒன்றேதான். அவளுக்கு 74, எனக்கு 28. இது எப்படி என்று என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

பதில் சொன்னது டாக்டர் இல்லை, என் மூத்த பெண் கல்பனா. காலேஜில் விலங்கியல் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் மாமா கடையில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கடையில் சுந்தரி என்று ஒரு பூனை உண்டு. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை என்று மூன்று நிறமும் திட்டுத்திட்டாக இருக்கும். துணி வெட்டுகிற பலகை மேல் ஏறி, ஒட்டுத்துணி மாதிரியே படுத்துக்கொள்ளும். அதைத் தூக்கி என் மடியில் போட்டு, "அம்மா, நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்" என்றாள்.

பன்னிரண்டாவது வரை படித்த எனக்குப் புரியும்படி அவள் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 46 குரோமோசோம்கள். அதில் பெண்ணுக்கு 'எக்ஸ்' இரண்டு. ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், கூட சின்னதாக ஒரு 'ஒய்'. எக்ஸில் முக்கியமான ஜீன்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஃபாக்டர் 8-க்கான ஜீனும் அதில்தான் இருக்கிறது. ஒரு எக்ஸை வைத்துக்கொண்டு ஆண்பிள்ளை உயிர் வாழ்கிறான் என்றால், பெண்ணுக்கு மட்டும் எல்லாம் இரண்டு மடங்கு சுரந்து வழியவேண்டும் அல்லவா? வழியவில்லையே, ஏன்?

முதல் துப்பு ஒரு பூனையிடமிருந்துதான் கிடைத்தது. 1949-ல் கனடாவில் மர்ரே பார் என்ற விஞ்ஞானியும் அவர் மாணவர் பெர்ட்ராமும் பூனைகளின் நரம்பு செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில பூனைகளின் செல்களில் மட்டும் உட்கருவுக்குள் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. கணக்குப் பார்த்தால் புள்ளி உள்ளதெல்லாம் பெண் பூனை! அது என்ன என்று அப்போது தெரியவில்லை. அது இறுக்கமாகச் சுருண்டுபோன ஒற்றை எக்ஸ் குரோமோசோம்தான் என்று பத்து வருஷம் கழித்து, 1959-ல், சுசுமு ஓனோ என்பவர் காட்டினார்.

இந்த முடிச்சை அவிழ்த்தது மேரி லயன் என்ற பெண்மணி. பிறந்தது 1925-ல், இங்கிலாந்தில் நாரிச் ஊரில். கேம்பிரிட்ஜில் கிர்ட்டன் கல்லூரியில் படித்தார். அப்போது அங்கே பெண்கள் ஆண்களுக்குச் சமமாகப் படிக்கலாம், பரீட்சை எழுதலாம், ஆனால் முழுப் பட்டம் தரமாட்டார்களாம். பெயருக்கு ஒரு பட்டம்தான்! 1948-ல்தான் அந்த அநியாயம் ஒழிந்தது. பிறகு அவர் ஹார்வெல் என்ற இடத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் எலிகளை வளர்த்து ஆராய்ந்தார். சில பெண் எலிகளின் மேல்தோல் மட்டும் இரண்டு நிறம் கலந்து திட்டுத்திட்டாக இருப்பதைக் கவனித்தார். அந்த நிறத்துக்கான ஜீன் இருந்தது எக்ஸில். ஒரே ஒரு எக்ஸ் உள்ள பெண் எலிகூட நன்றாகவே வாழ்கிறது என்பதும் அப்போது தெரிந்திருந்தது. அந்தக் கரும்புள்ளி ஒரு எக்ஸ் என்பதும் தெரிந்திருந்தது. மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பார்த்தார்.

1961-ல் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். இரண்டு பக்கம்கூட முழுதாக இல்லை. அதன் சாரம் இவ்வளவுதான்: பெண் சிசு வயிற்றில் உருவாகும்போது, ஆரம்பத்திலேயே, ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை மூடி வைத்துவிடுகிறது. எதை மூடுவது என்பது பூவா தலையா மாதிரி. ஒரு செல்லில் அம்மா கொடுத்தது மூடும், பக்கத்துச் செல்லில் அப்பா கொடுத்தது மூடும். ஆனால் ஒரு தடவை மூடிவிட்டால், அந்த செல்லிலிருந்து பிறந்து பெருகும் அத்தனை செல்லிலும் அதே எக்ஸ்தான் ஆயுசுக்கும் மூடியிருக்கும்.

ஆக, பெண் உடம்பு ஒரே துணியில் வெட்டியதில்லை. இரண்டு துணியை ஒட்டுப்போட்டுத் தைத்த மெத்தை விரிப்பு! மறு வருஷமே, 1962-ல், எர்னஸ்ட் பாய்ட்லர் என்ற அமெரிக்க டாக்டர், வேறொரு எக்ஸ் குறைபாடு உள்ள பெண்களின் ரத்தத்தில் இரண்டு விதமான சிவப்பணுக்கள் கலந்திருப்பதைக் காட்டினார். எலிக்குச் சொன்னது மனுஷிக்கும் பொருந்தியது.

இப்போது சுந்தரியைப் பாருங்கள். செம்பட்டை நிறத்துக்கான ஜீன் பூனைக்கு எக்ஸில் இருக்கிறது. அவளுடைய ஒரு எக்ஸில் செம்பட்டை, மற்றதில் கறுப்பு. எந்த இடத்துச் செல்லில் எது மூடியதோ அதன்படி திட்டுகள். வெள்ளை மட்டும் வேறு ஜீனின் வேலை. ஆண் பூனைக்கு எக்ஸ் ஒன்றுதானே, அதனால் செம்பட்டை அல்லது கறுப்பு, இரண்டில் ஒன்றுதான் வரும். எப்போதோ அபூர்வமாக மூவண்ணக் கடுவன் பிறந்தால், பெரும்பாலும் அதற்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்குமாம். அந்தச் செம்பட்டை ஜீன் எது என்று ஜப்பானில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும் தனித்தனியே தேடி, 2025-ல்தான் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். பூனை விஷயத்துக்கே இத்தனை காலம்!

"சரிடி, மூடறதுன்னா எப்படி மூடும்? அதென்ன டப்பாவா?" என்று கேட்டேன். முரளி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தான். கல்பனா அவனுடைய நூல்கண்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ. இழையை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வருமாம். ஒரு சுடிதார் டாப்ஸுக்கு வேண்டிய துணி நீளம்! அது அடங்கியிருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. எப்படி அடங்குகிறது? ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டுச் சேர்ந்து ஒரு குட்டி நூல்கண்டுக் கட்டை மாதிரி நிற்கும். அதன்மேல் டி.என்.ஏ. கிட்டத்தட்ட இரண்டு சுற்றுச் சுற்றி, அடுத்த கட்டைக்குப் போகும். இப்படி லட்சக்கணக்கான கட்டைகள். இந்த அமைப்பை 1974-ல் ரோஜர் கோர்ன்பெர்க் என்பவர் விளக்கினார். இப்படிக் கட்டையும் நூலுமாக இருப்பதற்குத்தான் குரோமாட்டின் என்று பெயர்.

நூல் தளர்வாகச் சுற்றியிருந்தால் நுனியைப் பிடித்து இழுக்கலாம். இறுகிச் சிக்காகிப் போனால் இழுக்க முடியுமா? ஜீனும் அப்படித்தான். தளர்வாக இருக்கிற இடத்து ஜீன் வேலை செய்யும், இறுக்கமான இடத்து ஜீன் ஊமையாகக் கிடக்கும். கண்ணில் உள்ள செல்லுக்கும் கல்லீரலில் உள்ள செல்லுக்கும் ஜீன்கள் ஒன்றுதான். எதைத் திறந்து வைத்திருக்கிறது, எதை மூடியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

கட்டை எப்படித் தளர்கிறது? ஹிஸ்டோன்களிலிருந்து வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளில் சின்னச் சின்ன ரசாயன முத்திரைகள் விழுகின்றன. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் அல்லிஸ், குளத்துத் தண்ணீரில் வாழும் டெட்ராஹைமீனா என்ற ஒற்றை செல் உயிரை வருஷக்கணக்காக ஆராய்ந்தார். அதற்கு இரண்டு உட்கரு உண்டு. ஒன்றில் ஜீன்கள் சுறுசுறுப்பாக இருக்கும், மற்றதில் தூங்கும். சுறுசுறுப்பான உட்கருவிலிருந்து, 'திற' என்ற முத்திரையைக் குத்துகிற நொதியை அவரும் அவர் குழுவினரும் பிரித்தெடுத்தார்கள். அதற்கு முன்பே ஈஸ்டில் ஜீனைத் தூண்டிவிடுவதாகத் தெரிந்திருந்த ஒரு புரதத்தின் ஜாடையில் அது இருந்தது! 1996-ல் இது வெளிவந்த பிறகுதான், கட்டை வெறும் கட்டை இல்லை, ஜீனைத் திறக்கவும் மூடவும் அதற்கும் பங்கு உண்டு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் இதற்கெல்லாம் சாட்சி சொல்லியிருக்கிறது பாருங்கள்!

எக்ஸை மூடுவதற்கென்றே அந்த எக்ஸிலேயே ஒரு ஜீன் இருக்கிறது. பெயர் 'எக்ஸிஸ்ட்'. 1991-ல் கண்டுபிடித்தார்கள். மூடவேண்டிய எக்ஸ் தன் எக்ஸிஸ்ட் ஜீனிலிருந்து ஓர் ஆர்.என்.ஏ. இழையைச் சுரந்து தன்னையே போர்த்திக்கொள்ளும். அது வந்ததும் 'திற' முத்திரைகள் அழிந்து 'மூடு' முத்திரைகள் விழும். டி.என்.ஏ. மேலேயும் பூட்டு மாதிரி ஒரு ரசாயனக் குறி ஏறும். கடைசியில் சுருண்டு ஓரமாக ஒதுங்கிவிடும். அதுதான் பார் பார்த்த கரும்புள்ளி. கல்யாணப் பட்டை மடித்து, பழைய வேஷ்டித் துணியில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் வைக்கிறோமே, அந்த மாதிரி. புடவை இருக்கிறது, கிழியவில்லை, ஆனால் கட்டுவதில்லை. ஒரு சில ஜீன்கள் மட்டும் முந்தானை நுனி வெளியே தெரிகிற மாதிரி, மூடிய எக்ஸிலிருந்தும் வேலை செய்துகொண்டிருக்குமாம்.

அமெரிக்காவில் டெக்சாஸில் 2001 டிசம்பரில் ஒரு மூவண்ணப் பூனையின் செல்லிலிருந்து அதே மாதிரி இன்னொரு பூனையைக் குளோனிங் முறையில் பிறக்கவைத்தார்கள். 'சிசி' என்று பெயர் வைத்தார்கள். அச்சு அசல் தாய் மாதிரி இருக்கும் என்று பார்த்தால், செம்பட்டை நிறமே இல்லை! எடுத்த செல்லில் செம்பட்டை எக்ஸ் மூடியிருந்திருக்கிறது. குட்டியிலும் அது திறக்கவில்லை. ஜீன் முழுசாக இருந்தும் நிறம் வரவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஃபாக்டர் 8 புரதம் முக்கியமாகக் கல்லீரலில் உள்ள ரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்களில் சுரந்து ரத்தத்தில் கலக்கிறது. எனக்கும் அக்காவுக்கும் ஒரு எக்ஸில் நல்ல ஜீன், மற்றதில் பழுதான ஜீன். எந்தச் செல்லில் பழுதான எக்ஸ் மூடியதோ அது ஃபாக்டர் சுரக்கும். எந்தச் செல்லில் நல்ல எக்ஸ் மூடியதோ அது சுரக்காது. ஒரே தொட்டிக்குள் விழும் பல குழாய்கள் மாதிரி, சிலது ஓடும், சிலது ஓடாது. பூனை போலத் திட்டுத் தெரியாது, தொட்டியில் மட்டம்தான் கூடும் குறையும். காசு சுண்டும் நேரத்தில் சிசுவில் இருப்பது கொஞ்சம் செல்கள்தான். பத்துத் தடவை சுண்டினால் சரியாக ஐந்து பூ, ஐந்து தலை விழுமா? ஏழு மூன்று என்றும் விழும். அக்காவுக்கு நல்ல பக்கம் கூடுதலாக விழுந்தது. எனக்குக் குறைவாக விழுந்தது. சாதாரணமாகவே ஆளுக்கு ஆள் ஃபாக்டர் அளவில் இருக்கிற ஏற்ற இறக்கமும் இதோடு சேரும்.

இதில் யார் செய்த பாவமும் இல்லை, யாருடைய சாபமும் இல்லை. நான் தாயின் வயிற்றில் கடுகு அளவுகூட இல்லாத காலத்தில் விழுந்த பூவும் தலையும்!

கல்பனா சொல்லி முடித்ததும் முரளி மெதுவாகக் கேட்டான். "அப்போ அக்கா, இத்தனை வருஷமா உனக்கும் எனக்கும் ஒரே வியாதிதானா? எனக்குன்னா எல்லாரும் ஓடி வந்தீங்க. உன்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே." எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சகோதரிகளே, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எனக்குச் சொன்னவற்றில் உங்களுக்கு உபயோகப்படக்கூடியதைச் சொல்கிறேன். குடும்பத்தில் ஓர் ஆணுக்கு ஹீமோஃபிலியா இருந்தால், அவருடைய அம்மா, அக்கா, தங்கை, மகள் எல்லாரும் ஃபாக்டர் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருடைய மகள்கள் அத்தனை பேரும் கட்டாயம் கேரியர்தான். மகன்களுக்கு அவரிடமிருந்து வராது, ஏனென்றால் மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய். குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல், புதிதாக ஏற்பட்ட பழுதால் பிறக்கும் குழந்தைகளும் கணிசமாக உண்டு. ஆகவே ஒவ்வொரு தடவையும் தாயின் வம்சத்தை இழுப்பதில் அர்த்தமே இல்லை.

ஃபாக்டர் அளவு நன்றாக இருந்தால் கேரியர் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. என் அக்காவே அதற்கு அத்தாட்சி. அளவு 74, ஆனால் மகனுக்கு வியாதி. கேரியரா என்று உறுதியாகத் தெரிய ஜீன் பரிசோதனை செய்யவேண்டும். முதலில் வியாதி உள்ள ஆணின் ரத்தத்தில் எந்த இடத்தில் பழுது என்று பார்த்துவிட்டு, பிறகு பெண்களுக்கு அதே இடத்தைப் பார்ப்பார்கள். ஆக இரண்டு பரிசோதனையும் இரண்டு கேள்விக்கு. ஒன்று 'எனக்கு ரத்தம் நிற்குமா?' மற்றது 'என் பிள்ளைக்குப் போகுமா?'

மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் போனாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை துணி மாற்ற வேண்டியிருந்தாலும், பெரிய பெரிய கட்டியாகப் போனாலும் 'வாகு' என்று விட்டுவிடாதீர்கள். கர்ப்பமாக இருக்கும்போது ஃபாக்டர் 8 தானாகவே கூடும். அதனால் பிரசவம் நன்றாக நடந்துவிடலாம். பிறகு அது இறங்கும்போதுதான் ஆபத்து. என் பன்னிரண்டாம் நாள் கதை அதுதான். பல் பிடுங்கவோ, ஆபரேஷனுக்கோ, பிரசவத்துக்கோ போகும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரைகளைக் கடையில் தானாக வாங்கிப் போடக்கூடாது, ரத்தக் கசிவு அதிகமாகும்.

போன மாதம் எனக்கு இன்னொரு பல் பிடுங்கினார்கள். முன்கூட்டியே மருந்து கொடுத்து, பக்குவமாகச் செய்தார்கள். அன்று சாயங்காலமே ரத்தம் நின்றுவிட்டது. ராத்திரி மோர் சாதம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

கல்பனா இரண்டு பரிசோதனையும் செய்துகொண்டாள். ஃபாக்டர் 61, ஆனால் கேரியர்தான். "தெரிஞ்சுக்கிட்டது நல்லதும்மா. கல்யாணப் பேச்சு வந்தா நானே சொல்லிடுவேன். கேட்டுட்டு ஓடறவன் ஓடட்டும்" என்கிறாள். சின்னவளுக்கு 15 வயது. அவளுக்கு இப்போதைக்கு ஃபாக்டர் அளவு மட்டும் போதும், ஜீன் பரிசோதனை அவள் பெரியவளாகித் தானே முடிவு செய்யட்டும் என்றார் டாக்டர். அளவு 36 என்று வந்தது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் அம்மாவிடம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். எழுபது வயசு ஆகிவிட்டது. பூனை, நூல்கண்டு, பூவா தலையா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் உன்னை மாதிரிதான்டி இருந்துச்சு. முரளி பொறந்தப்போ ஒரு மாசம் எழுந்திருக்கல. பிள்ளைக்கே இப்படி ஆயிடுச்சு, நம்மளப் பத்தி எங்க சொல்றதுன்னு இருந்துட்டேன்" என்றாள்.

மறுநாளே அவளையும் அழைத்துப் போய் ரத்தம் கொடுக்க வைத்தோம். முடிவு இன்னும் வரவில்லை. எழுபது வயசில் எதற்கு என்று கேட்கிறீர்களா? அவளுக்கு அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன் இருக்கிறது. இந்தத் தடவையாவது டாக்டர் கேட்கும் முன்பே அவள் வாய் திறந்து சொல்லட்டும்.

அடுத்த இதழில் ஊறுகாயோடு சந்திப்போம். அதற்குள் உங்கள் வீட்டிலும் அம்மாவையோ, பெண்ணையோ, நாத்தனாரையோ பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு எத்தனை நாள் போகுது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.